ஹெரால்ட் முன் ஸ்பிரிங்: பாதி இறுக்கிய நிலையில் கொக்கி நழுவிவிட்டது, இனி எப்படிக் கழற்றுவது?

கீழக்கரை மார்க் 3:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம்.

வண்டி 1969 ஸ்டாண்டர்டு ஹெரால்ட் மார்க் 3, நான்கு கதவு. வாப்பாவின் வண்டி. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அதில்தான் போவார், எங்களை ஏர்வாடிக்கும் ராமநாதபுரத்துக்கும் ஏற்றிக்கொண்டு போனதும் அதில்தான். அவர் மௌத்தான பிறகு பதினோரு வருடம் கொட்டகையிலேயே நின்றது. கொட்டகைக்கும் கடலுக்கும் நடுவே இருநூறு மீட்டர்கூட இருக்காது. நான் துபாயிலிருந்து ஊரோடு வந்துவிட்ட பிறகு, போன ஜனவரியில் இஞ்சினை ஓட வைத்தேன். பிரேக்கும் முடிந்தது. இப்போது முன்பக்கம்.

டிரைவர் பக்கம் தாழ்ந்து நிற்கிறது. சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தால் இடது பக்கம் 37 செ.மீ., வலது பக்கம் 34.5. ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் ஒழுகி வற்றிவிட்டது. கையால் வண்டியை அமுக்கிவிட்டால் நாலைந்து முறை ஆடிவிட்டுத்தான் நிற்கும். புது ஷாக் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

பானெட்டோடு மட்கார்டும் சேர்ந்து முன்னால் கவிழ்ந்துவிடுவதால் வேலை செய்ய இடம் தாராளம். சக்கரத்தைக் கழற்றி, கீழ் ஆர்மில் ஷாக்கின் கண் வழியாகப் போகும் நீள போல்ட்டை எடுக்க இரண்டு நாள் ஆனது, டீசல் ஊற்றி ஊற்றி. மேலே மூன்று நட்டு. அதை எடுத்ததும் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே கட்டாகக் கையில் வந்துவிட்டது. இதுவரை சரி.

ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த அந்தக் கட்டை வைஸில் பிடித்து, கொக்கி வைத்த ஸ்பிரிங் கம்ப்ரஸர் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) ஒரு ஜோடியை எதிரெதிராக மாட்டி, மாற்றி மாற்றி இறுக்கினேன். இரண்டு செ.மீ. அளவு அமுங்கியிருக்கும். திடீரென்று 'டங்' என்று ஒரு சத்தம். ஒரு கொக்கி கம்பியிலேயே வழுக்கிக்கொண்டு கால் சுற்று நகர்ந்துவிட்டது. அது நகர்ந்த தடத்தில் துரு பத்தை பத்தையாகப் பெயர்ந்து கீழே கிடக்கிறது. இப்போது இரண்டு கொக்கியும் ஏறக்குறைய ஒரே பக்கம் வந்துவிட்டன, ஸ்பிரிங் வாழைக்காய் மாதிரி வளைந்து நிற்கிறது.

அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து கொட்டகையைப் பூட்டிவிட்டேன். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை. இது நேற்று அஸருக்குப் பிறகு நடந்தது. இன்னும் கிட்டப் போகவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இதை எப்படி இறக்குவது? இறக்கிய பிறகு இதே கொக்கியை வைத்து மறுபடி செய்யலாமா? இங்கே படகுப் பட்டறையில் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) மரை ராடு கிடைக்கிறது, அதை வைத்து ஏதாவது செய்துகொள்ளலாமா?

தங்கச்சிமடம் பட்டறை:

தம்பி, முதலில் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். மேலே நடுவில் இருக்கும் நட்டைத் தொட்டீர்களா? மூன்று நட்டைக் கேட்கவில்லை, ஷாக் தண்டின் தலையில் இருக்கும் நட்டு. அதைச் சொல்லும்வரை கொட்டகைக்குள் போக வேண்டாம்.

கீழக்கரை மார்க் 3:

அண்ணே, அதில் இரண்டு நட்டு இருந்தது. மேலே இருந்த லாக் நட்டை மட்டும் ஒரு சுற்று தளர்த்தினேன். கீழ் நட்டைத் தொடவே இல்லை. மரை நட்டுக்கு மேலே ஏழெட்டு தெரிகிறது.

தங்கச்சிமடம் பட்டறை:

நல்லது. நேற்று நீங்கள் நிறுத்திவிட்டு வெளியே வந்ததுதான் இந்த வேலையிலேயே சரியான முடிவு.

இப்போது இருக்கும் நிலையை விளங்கிக்கொள்ளுங்கள். ஹெரால்டில் ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருப்பது ஷாக் அப்சார்பர்தான். கீழ்க் கிண்ணம் ஷாக்கின் உடம்பில் உட்கார்ந்திருக்கிறது, மேல் கிண்ணத்தை அந்த நடு நட்டு பிடித்திருக்கிறது. ஷாக் முழுக்க நீண்டு நின்றாலும் ஸ்பிரிங் இன்னும் அமுங்கித்தான் இருக்கும். அதனால்தான் நீங்கள் மூன்று நட்டை எடுத்தபோது எதுவும் பறக்கவில்லை. நடு நட்டு அதன் இடத்தில் இருக்கும்வரை உங்கள் கொக்கி இரண்டும் கழன்று விழுந்தாலும் ஸ்பிரிங் பழைய நீளத்துக்குத்தான் போகும், கிண்ணத்தை விட்டு வெளியே வராது. அந்த நட்டு போயிருந்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன்.

இறக்கும் முறை இதுதான். முதலில் படகு கட்டும் கயிறு, கட்டைவிரல் தடிமனில், ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே நுழைத்து மேல் கிண்ணம், வைஸ், மேசை மூன்றையும் சேர்த்து நாலு சுற்று கட்டுங்கள். கொக்கிகள் தெறிக்காமல் இருக்க ஒரு பழைய மெத்தை உறையையோ சாக்கையோ சுற்றிவிடுங்கள், ஸ்பேனர் போக இடம் விட்டால் போதும். லாக் நட்டைத் திரும்ப இறுக்குங்கள். பக்கவாட்டில் நில்லுங்கள். ஸ்பிரிங்கின் இரண்டு முனைக்கு நேராக முகமோ நெஞ்சோ வரவே கூடாது. அப்புறம் இரண்டு கொக்கியையும் அரைச் சுற்று, அரைச் சுற்றாக மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். நழுவிய கொக்கி இன்னொரு முறை சத்தம் போடலாம். பயப்பட வேண்டாம், ஆனால் குனிந்து பார்க்கவும் வேண்டாம்.

அந்தக் கொக்கி இனி இந்த ஸ்பிரிங்குக்கு வேண்டாம். கொக்கி கெட்டது என்று சொல்லவில்லை, சுத்தமான கம்பியில் அது பிடிக்கும். நம் கடற்கரையில் பத்து வருடம் நின்ற ஸ்பிரிங்கில் கொக்கி பிடிப்பது இரும்பை அல்ல, துருவின் தோலை. பாரம் ஏறும்போது அந்தத் தோல் உரிந்து கொக்கியோடு போகும். நீங்கள் கீழே கிடந்ததாகச் சொன்ன பத்தை அதுதான். கச்சான் காற்று காலத்தில் மண்டபத்தில் வீட்டு ஜன்னல் கம்பியைக் கையால் தேய்த்துப் பாருங்கள், அதே பத்தை வரும். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரிக்காரர்கள் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்கத் தகடுகளை மண்டபத்தில் கொண்டுவந்து காயப்போடுகிறார்கள் என்றால் சும்மா இல்லை.

எனக்கு இந்த விஷயத்தில் ஏன் இவ்வளவு பதற்றம் என்றால், 1983இல் மதுரையில் ஒரு பட்டறையில் நான் எடுபிடி. வயது பத்தொன்பது. அங்கே கம்ப்ரஸர் கிடையாது. காரின் பாரத்தாலேயே ஸ்பிரிங்கை அமுங்க விட்டு, கட்டுக்கம்பியால் நாலு இடத்தில் முறுக்கிக் கட்டிவிட்டு, ஜாக்கி போட்டுத் தூக்கி ஸ்பிரிங்கை உருவி எடுப்பார்கள். எடுப்பது சுலபம். ஆனால் கட்டிய கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வழி கிடையாது, வெட்டத்தான் வேண்டும். என்னைவிட இரண்டு வயது மூத்தவன் ஒருவன் இரண்டாவது கட்டை வெட்டியபோது மீதி இரண்டும் தாங்கவில்லை. தாடை உடைந்து இரண்டு மாதம் கஞ்சிதான் குடித்தான். ஸ்பிரிங் மேலே போய் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஓட்டை போட்டுவிட்டு வெளியே விழுந்தது. அந்த ஓட்டை வழியாக வெயில் தரையில் வட்டமாக விழும். நான் அங்கே இருந்தவரை அதை யாரும் அடைக்கவில்லை.

மாற்று வழியை இரவு விரிவாக எழுதுகிறேன். கடையில் ஆள் நிற்கிறது.

உச்சிப்புளி வாத்தியார்:

அண்ணன் எழுதுவதற்குள் ஒரு கணக்கு மட்டும். நான் இயற்பியல் பாடம் எடுப்பவன், பழைய வண்டி பிரியன்.

ஓர் அங்குலம் அமுக்க 60 கிலோ கேட்கும் ஸ்பிரிங் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். நாலு அங்குலம் அமுக்கினால் 240 கிலோ பாரம். அதில் தேங்கும் ஆற்றல் ஏறக்குறைய 120 ஜூல். மூன்று கிலோ எடையுள்ள பொருளை நாலு மீட்டர் உயரத்துக்கு வீச அது போதும். கூரை ஓட்டை ஆச்சரியமில்லை. இன்னொன்று, ஆற்றல் அமுக்கிய தூரத்தின் இருமடியில் ஏறும். இரண்டு அங்குலத்துக்குப் பதில் நாலு அங்குலம் அமுக்கினால் ஆபத்து இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு. அதனால் தேவைக்கு மேல் ஒரு சுற்றுகூட இறுக்க வேண்டாம். நடு நட்டின் மேல் பாரம் விலகியதும் நிறுத்திவிட வேண்டும்.

கீழக்கரை மார்க் 3:

அல்ஹம்துலில்லாஹ், இறக்கிவிட்டேன். கயிறு கட்டி, மெத்தை உறை சுற்றி, அரைச் சுற்று அரைச் சுற்றாக. ஒரே ஒரு முறை 'டக்' என்றது. இப்போது ஸ்பிரிங் நேராக நிற்கிறது, கொக்கி இரண்டும் தனியாகக் கிடக்கின்றன. நேற்று இரவு தூங்கவே இல்லை. இன்று தூங்குவேன். அண்ணனின் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

தங்கச்சிமடம் பட்டறை:

சரி, இப்போது நிதானமாகப் பேசலாம்.

ஹெரால்ட் ஸ்பிரிங்குக்குப் பிளேட் முறைதான் நல்லது. ஏனென்றால் இதன் மேல் கிண்ணத்தில் மூன்று ஸ்டட் இருக்கிறது. சேசிஸ் கோபுரத்தில் மாட்டியிருந்ததே, அதே மூன்று. அந்த மூன்றையும் ஒரு இரும்புத் தகட்டில் துளை போட்டு நுழைத்து, வண்டியின் நட்டையே போட்டு இறுக்கிவிட்டால் மேல் தகடு எந்தப் பக்கமும் நழுவ முடியாது. வேறு பல வண்டிகளில் இந்த வசதி கிடையாது.

தகடு 12 மி.மீ. தடிமன். 10கூடப் போதும், ஆனால் லேத் பட்டறையில் வெட்டுத் துண்டாகக் கிடைப்பது பெரும்பாலும் 12தான். இரண்டு தகடு. மேல் தகட்டில் ஸ்டட்டுக்கு மூன்று துளை, நடுவே பாக்ஸ் ஸ்பேனர் தாராளமாக இறங்கும் அளவுக்கு ஒரு பெரிய துளை. கீழ்த் தகட்டில் ஓரத்திலிருந்து நடு வரை ஒரு வாய் வெட்ட வேண்டும், ஷாக்கின் உடம்பு உள்ளே வரும் அகலத்தில். அதைப் பக்கவாட்டில் செருகினால் கீழ்க் கிண்ணத்துக்கு அடியில் போய் உட்காரும். உட்கார்ந்ததும் வாயின் குறுக்கே ஒரு பட்டையை வைத்து இரண்டு போல்ட் போட்டு அடைத்துவிடுங்கள். பலர் இந்தப் பட்டையை விட்டுவிடுகிறார்கள். பாரம் கொஞ்சம் சாய்ந்தால் தகடு வந்த வழியே வெளியே வழுக்கும். பட்டை இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

இரண்டு தகட்டையும் இணைக்க மூன்று மரை ராடு, ஸ்பிரிங்குக்கு வெளியே, சம இடைவெளியில். இரண்டு ராடு போட்டால் தாங்கும், ஆனால் அந்த இரண்டையும் அச்சாக வைத்து தகடு ஊஞ்சல் மாதிரி சாயும். மூன்று இருந்தால் சாயாது.

இப்போது உங்கள் எஸ்எஸ் ராடு. வேண்டவே வேண்டாம். துருப்பிடிக்காது என்பதால் நம் பக்கம் எதற்கெடுத்தாலும் எஸ்எஸ் போடுகிறோம், படகில் அது சரி. ஆனால் எஸ்எஸ் ராடில் எஸ்எஸ் நட்டைப் பாரத்தோடு திருகினால் மரையும் மரையும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். துருவே இல்லாமல் புது நட்டு புது ராடில் பற்ற வைத்தது போல இறுகிவிடும். முன்னும் போகாது, பின்னும் வராது. படகின் ஸ்டெர்னில், அதாவது பின்பக்கம், அப்படி இறுகிய நட்டுகளை நான் எத்தனையோ முறை அறுத்து எடுத்திருக்கிறேன். படகில் அறுத்தால் ஒரு நட்டு போகும். இங்கே ஸ்பிரிங் பாதி அமுங்கியிருக்கும்போது இறுகினால், அறுக்கவும் முடியாது, விடவும் முடியாது. சாதாரண இரும்பு ராடு, 12 மி.மீ., 8.8 தரம் கேட்டு வாங்குங்கள். ராமநாதபுரத்தில் போல்ட் நட்டு கடைகளில் கிடைக்கும். மரை முழுக்க கிரீஸ் தடவுங்கள். கிரீஸ் மரையில் மட்டும்தான், தகடு உட்காரும் கிண்ணத்தில் பட்டால் துடைத்துவிடுங்கள்.

ராடின் நீளம் முக்கியம், இதைக் கவனமாகப் படியுங்கள். ஸ்பிரிங் அமுங்கிய நீளத்தைப் பார்த்து ராடு வாங்கக் கூடாது. ஸ்பிரிங் முழுக்கத் தளர்ந்தால் எவ்வளவு நீளுமோ, அதற்கு இரண்டு தகட்டின் தடிமனையும் நட்டுகளையும் கூட்டி, அதற்கு மேல் ஒரு சாண் வையுங்கள். குட்டை ராடு போட்டால் என்ன ஆகும்? நட்டைத் தளர்த்திக்கொண்டே வருவீர்கள், ராடின் முனை வந்துவிடும், ஸ்பிரிங்கில் இன்னும் இரண்டு அங்குலம் பாக்கி இருக்கும். அந்தக் கட்டத்தில் கையில் ஒரு வழியும் இருக்காது. ராடு ஒரு மீட்டர் துண்டாகத்தான் விற்கிறது. மூன்று வாங்கி, இரண்டாக வெட்டாமல் முழுசாகவே போடுங்கள். நீட்டிக்கொண்டிருந்தால் இருக்கட்டும்.

12 மி.மீ. ராடில் மரை இடைவெளி 1.75. ஒரு சுற்றுக்கு 1.75 மி.மீ.தான் இறங்கும். ஆறு செ.மீ. இறக்க ஒவ்வொரு நட்டையும் முப்பத்து நாலு, முப்பத்தைந்து சுற்று திருக வேண்டும், அப்படி மூன்று நட்டு. சலிப்பாக இருக்கும். காற்றுத் துப்பாக்கி ஸ்பேனர் வைத்துச் சீக்கிரம் முடிக்கத் தோன்றும். கூடாது. கையால், ஒவ்வொன்றிலும் ஒரு சுற்று, வரிசையாக. ஐந்து சுற்றுக்கு ஒரு முறை டேப் வைத்து மூன்று ராடு பக்கமும் தகட்டுக்குத் தகடு அளந்து பாருங்கள். இரண்டு மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் நேராக்கிவிட்டுத்தான் அடுத்த சுற்று.

மேல் கிண்ணம் நடு ரப்பர் புஷ்ஷை விட்டு மயிரிழை விலகினால் போதும், விரலால் வாஷரைச் சுழற்ற முடியும். அதுதான் அடையாளம். வாஷர் சுழலும்வரை நடு நட்டைத் தொடாதீர்கள். தண்டின் தலையில் தட்டையாக வெட்டியிருக்கும், அதைச் சின்ன ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் தண்டு கூடவே சுற்றும். வாஷரும் ரப்பரும் எந்த வரிசையில் இருந்தன என்று படம் எடுத்து வையுங்கள். அப்புறம் அதே நிதானத்தோடு தளர்த்த வேண்டியதுதான்.

திரும்ப மாட்டும்போது ஒரு தொல்லை உண்டு. புது ஷாக்கை மாட்டுவதற்கு முன் நிற்க வைத்து நாலைந்து முறை முழுக்க இழுத்து அமுக்குங்கள், உள்ளே இருக்கும் காற்று போய்விடும். எண்ணெய் ஷாக் என்றால் தண்டு தானாக மேலே வராது, அமுக்கிய இடத்திலேயே நிற்கும். ஸ்பிரிங்கை அமுக்கி முடித்த பிறகு பார்த்தால் தண்டு உள்ளே எங்கோ கிடக்கும், கை போகாது. தொடங்கும் முன்பே தண்டை முழுக்க வெளியே இழுத்து, மரையில் ஒரு மெல்லிய கம்பியைச் சுற்றி மேல் தகட்டின் துளை வழியாக வெளியே எடுத்துவிடுங்கள். தேவைப்படும்போது இழுத்துக்கொள்ளலாம்.

தொண்டி கம்பேனியன்:

என்னிடம் இருப்பது ஹெரால்டின் ஸ்டேஷன் வேகன். அண்ணன் சொன்னதற்கு மேல் கம்ப்ரஸர் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஸ்பிரிங் பற்றி இரண்டு வார்த்தை.

கழற்றியதும் இரண்டு ஸ்பிரிங்கையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரத்தை அளந்து பாருங்கள். அப்புறம் அடிச்சுற்றைக் கம்பி பிரஷ் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்துப் பாருங்கள். கீழ்க் கிண்ணத்தில் மண்ணும் உப்பும் சேர்ந்து ஈரமாகவே கிடக்கும், துரு அங்கேதான் குழி தோண்டும். நகத்தால் தடவினால் நகம் மாட்டுகிற அளவு குழி இருந்தால் அந்த ஸ்பிரிங் முடிந்தது. குழியிலிருந்துதான் விரிசல் புறப்படும். ஒன்று போனாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

ஆசிட்டில் முக்கித் துரு எடுத்து முலாம் பூசித் தருகிறோம் என்பார்கள், கொடுக்காதீர்கள். கடினமாக்கிய ஸ்பிரிங் எஃகு ஆசிட்டில் ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொண்டு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஒரு நாள் பள்ளத்தில் இறங்கும்போது உடையும். கேஸ் வைத்துச் சூடாக்கி 'நிமிர்த்தி' தருகிறேன் என்பவரிடமும் கொடுக்காதீர்கள், பதம் போய்விடும்.

உச்சிப்புளி வாத்தியார்:

தொண்டிக்காரர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. 11 மி.மீ. கம்பி துருவில் தேய்ந்து 10.5 ஆனால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விறைப்பில் 17 சதவீதம் போய்விடும். மாதிரி கொடுத்துப் புது ஸ்பிரிங் சுற்றச் சொல்வதாக இருந்தால் துருப்பிடித்த கம்பியின் அளவைக் கொடுக்காதீர்கள். கிண்ணத்தில் படாத நடுச் சுற்றில் பெயின்ட் இன்னும் இருக்கும் இடத்தைத் தேடி, பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு வெர்னியர் வைத்து அளக்க வேண்டும். உயரத்தையும் தாழ்ந்த பக்கத்து ஸ்பிரிங்கில் எடுக்கக் கூடாது.

தங்கச்சிமடம் பட்டறை:

தம்பி, ஒன்றை விட்டுவிட்டேன், ஸ்பிரிங்கைவிட அதுதான் எனக்குக் கவலை. முன்பக்கம் பிரித்திருக்கும் இந்த நேரத்திலேயே டிரன்னியனைக் கழற்றிப் பாருங்கள். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும், அது ஒரு பித்தளைக் கட்டிக்குள் திருகியிருக்கும். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அதற்கு 90 கியர் ஆயில் போட வேண்டும். பல பட்டறைகளில் நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் அடிமரை வரை போகாது, காய்ந்து அடைத்துக்கொள்ளும், தண்ணீர் உள்ளே தங்கும்.

இரும்பும் பித்தளையும் உப்புத் தண்ணீரில் ஒன்றாகக் கிடந்தால் எது கரையும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. இரும்புப் படகில் புரொப்பல்லர் பக்கத்தில் துத்தநாகக் கட்டி வைப்பது எதற்கு? இங்கே துத்தநாகம் இல்லை, அதனால் இரும்பு மரைதான் கரையும். கரைந்த இடத்தில் தண்டு முறிந்தால் சக்கரம் வண்டிக்கு அடியில் மடிந்துவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதுதான் முறியும் என்பார்கள், ஆனால் பாம்பன் பாலத்தில் எதிர்க்காற்றில் போகும்போது முறியாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. இரண்டையும் கலந்துவிடாமல் தனித்தனிப் பையில் போட்டு எழுதி வையுங்கள்.

கீழக்கரை மார்க் 3:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். நடுவில் ஸ்பிரிங் வருவதற்குக் காத்திருந்ததில் நாள் போய்விட்டது.

பிளேட் இரண்டையும் புரொப்பல்லர் தண்டு கடையும் லேத்தில் செய்து வாங்கினேன். லேத்காரர் எதற்கு என்று கேட்டார், படத்தைக் காட்டினேன், வாயை அடைக்கும் பட்டைக்கு இரண்டு போல்ட் போதாது என்று அவராகவே நாலு துளை போட்டுத் தந்தார். ராடு மூன்று, முழு மீட்டர், வெட்டவில்லை.

முதல் ஸ்பிரிங்குக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. எனக்கு அண்ணன் முறையான காக்கா ஒருவர் டேப் பிடித்து அளந்து சொல்லிக்கொண்டே இருந்தார். வாஷர் விரலில் சுழன்ற அந்த நொடியில் இரண்டு பேரும் பேசவில்லை. நட்டைக் கழற்றியபோது எதுவும் நடக்கவில்லை, சின்னச் சத்தம்கூட இல்லை. தளர்த்திக்கொண்டே வந்து கடைசியில் தகடு ஸ்பிரிங் மேல் சும்மா ஆடியது. அப்போது ராடில் இன்னும் அரை முழம் மரை பாக்கி இருந்தது.

தரையில் நிறுத்தினால் வலது ஸ்பிரிங் இடதைவிட 17 மி.மீ. குட்டை. அடிச்சுற்றைத் தேய்த்தேன். வெளிப்பக்கம் பரவாயில்லை. கிண்ணத்தில் படிந்திருந்த உள்பக்கத்தில் கடுகு அளவில் வரிசையாகக் குழி, ஒன்றில் நகம் நன்றாகவே மாட்டியது. அதற்குப் பக்கத்தில் மயிர் மாதிரி ஒரு கோடு. மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுப் பார்த்தேன், கோட்டிலிருந்து மறுபடி ஈரம் கசிந்து வந்தது. விரிசல்தான். கொக்கி அன்று நழுவாமல் பிடித்திருந்தால் இந்தச் சுற்றைப் பார்த்திருக்கவே மாட்டேன், பெயின்ட் அடித்து மாட்டியிருப்பேன். புது ஜோடிதான் போட்டேன்.

டிரன்னியன் விஷயத்தில் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இடது பக்கம் நன்றாக இருந்தது. வலது பக்கம் உள்ளே சோப்பு மாதிரி இறுகிய கிரீஸ், அதற்கு அடியில் செங்கல் நிறத் தூள். துடைத்தால் கடைசி ஐந்து மரை சரிபாதி உயரம்தான் இருக்கிறது. வாப்பா கடைசி வருடங்களில் இந்த வண்டியில் உம்மாவை உட்கார வைத்துக்கொண்டு போனதை நினைத்து அன்று நெடுநேரம் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தேன். தண்டும் கட்டியும் இரண்டு பக்கமும் புதிது வாங்கி மாட்டி, 90 ஆயில் விளிம்பில் வடியும்வரை அடித்துவிட்டேன்.

ஆர்ம் புஷ்களின் போல்ட்டை ஜாக்கியில் தொங்கும்போது இறுக்காமல், நாலு சக்கரமும் தரையில் நின்று இரண்டு பேர் முன் சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் கடைசியாக இறுக்கினேன். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும் என்று படித்திருந்தேன். வீல் அலைன்மென்ட் ராமநாதபுரத்தில் பார்த்தாயிற்று.

நேற்று உம்மாவோடு ஏர்வாடி போய் வந்தேன். இப்போது இடது 38, வலது 37.8.

பிளேட்டும் ராடும் எண்ணெய் தடவிப் பழைய கைலியில் சுற்றி வைத்திருக்கிறேன். தொண்டி முதல் ராமேஸ்வரம் வரை யாருக்காவது ஹெரால்ட் முன்பக்கம் பிரிக்க வேண்டியிருந்தால் கேளுங்கள், கொடுத்துவிடுகிறேன். டேப் பிடிக்க நானும் வருகிறேன்.